விகடகவியைத் திருப்பிப் படித்தல்

எழுத்து வடிவங்களைக் கொண்டு புதுமை செய்ய வேண்டும், அதையும் கையால் மட்டுமன்றிக் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதியும் செய்ய வேண்டும் என்ற ஆவலோடு வருகிற வடிவமைப்பு மாணவர்களில் அநேகர் முதல் நாளே கேட்கிற கேள்வி, எந்தச் சாஃப்ட்வேரைக் கற்பது என்பதுதான். கேள்வியில் குற்றமில்லை. ஆனால் அதற்கு உடனே விடை சொல்லிவிட்டால் அவர்கள் அந்தச் சாதனத்தின் பொத்தான்களைக் கற்கிறார்களேயன்றி எழுத்தைக் கற்பதில்லை என்பதைப் பல வருஷ அனுபவத்தில் கண்டிருக்கிறபடியால், நான் விடை ஒன்றும் சொல்லாமல், பலகையில் ஒரே ஒரு சொல்லை எழுதி, இதைத் திருப்பிப் போட்டுக் காட்டும்படி உங்கள் யந்திரத்துக்குச் சொல்லுங்கள் என்று விட்டுவிடுவது வழக்கம். அந்தச் சொல் ‘விகடகவி’.

தெனாலிராமன் கதை கேட்ட குழந்தைக்கும் அந்தச் சொல்லின் விசேஷம் தெரியும். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் அது விகடகவிதான். யந்திரத்துக்கு மட்டும் அது தெரியாது. சொல்லைத் துண்டுதுண்டாக்கி, வரிசையைத் தலைகீழாக்கி, மறுபடி ஒட்டும் மூன்று வரி நிரலை மாணவர் எழுதி ஓட்டுகிறார். திரையில் முதலாவதாக, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மேல்விலங்கு, புள்ளிகளாலான ஒரு வெற்று வட்டத்தின் தலையில் தொற்றிக்கொண்டு நிற்கிறது. அதன் பின்னால் ‘வகடகிவ’ என்று ஏதோ ஒரு பொருளற்ற சொல் வருகிறது. வகுப்பில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடிந்த பிறகுதான் பாடம் ஆரம்பமாகும்.

நாம் அந்தச் சொல்லில் காண்பது ஐந்து எழுத்து. யந்திரம் தன் நினைவில் வைத்திருப்பதோ ஏழு குறிகள். வகரம் ஒன்று, அதன் மேல்விலங்கு ஒன்று, பிறகு க, ட, க, மறுபடி வகரம், மறுபடி விலங்கு என்று யூனிகோடு முறையில் அவை வரிசையாக நிற்கின்றன. ‘வி’ என்பது நமக்கு ஓர் உயிர்மெய், பிரிக்க முடியாத ஓர் உடல்; யந்திரத்துக்கு அது இரண்டு பண்டங்களின் சேர்க்கை. ‘கோ’ என்ற ஓரெழுத்தொரு மொழியின் கதை இன்னும் விசித்திரமானது. ககரமும் ஓகாரக் குறியும் என்று இரண்டு குறிகளாகவும் அதை எழுதிவைக்கலாம். ககரம், இரட்டைக்கொம்பு, கால் என்று மூன்று குறிகளாகவும் எழுதிவைக்கலாம். இரண்டும் திரையில் அச்சு அசலாக ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் ஒன்றுக்கொன்று சமமா என்று நிரலைக் கேட்டால் இல்லையென்று சாதிக்கும். ஆகவே எங்கிருந்தாவது எடுத்து ஒட்டிய தமிழை, வேறு எதுவும் செய்யுமுன், நார்மலைஸ் என்ற கட்டளையால் ஒரே சீராக்கிக்கொள்வது நல்ல பழக்கம். அதன் பிறகு எழுத்துகளைப் பிரிக்க, ஜாவாஸ்கிரிப்டில் இப்போது இன்டல்.செக்மென்டர் என்ற வசதி இருக்கிறது. அது விகடகவியை ஐந்தாகவே பிரிக்கும். க்ஷ என்பதையும் ஸ்ரீ என்பதையும் மட்டும் அது இரண்டிரண்டாக வெட்டிவிடும். அவற்றை நீங்களே சேர்த்து ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தத் திருத்தத்தைச் செய்து முடித்த மாணவர், தம் நிரல் உண்மையில் சரியாகிவிட்டதா என்று பரீட்சித்துப் பார்க்க விரும்பினால், சம்பந்தர் பாடிய மாலைமாற்றுப் பதிகத்தை எடுத்துக்கொண்டு, சொற்களுக்கிடையேயுள்ள இடைவெளிகளை நீக்கிவிட்டு, ஒவ்வொரு பாட்டாகத் திருப்பிப் பார்க்கலாம். ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எழுத்தையே அலகாகக் கொண்டு கட்டிய கட்டடம், அலகைச் சரியாக அறிந்த நிரலுக்கு மட்டுமே பிடிகொடுக்கும். அவரே பாடிய எழுகூற்றிருக்கை, ஒன்றில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏழு வரை ஏறி ஏறி இறங்குகிற எண்ணடுக்கின்மேல் அமைந்தது; அந்த அடுக்கை லூப்புக்குள் லூப்பாக எழுதித் திரையில் தேர்வடிவமாக விரியச் செய்வது, பயில்வோருக்கு நான் கொடுக்கிற இரண்டாவது அப்பியாசம். சித்திரகவி என்று நம் அணியிலக்கணக்காரர்கள் வகுத்த ரதபந்தம், நாகபந்தம் முதலியவற்றைப் புலமைக் கழைக்கூத்து என்று ஒதுக்கிவிடும் ரசிகர்கள் உண்டு. கவிதையென்ற வகையில் அவர்கள் சொல்வதை நானும் பெரும்பாலும் ஒப்புக்கொள்வேன். ஆனால் விதியை முதலில் வகுத்து, அந்த விதி பக்கத்தின்மேல் என்ன உருவத்தை எழுப்புகிறதென்று பார்ப்பதுதான் நம் தொழில் என்றால், இவர்களைவிட மூத்த ஆசிரியர்கள் நமக்கு வேறெங்கும் கிடைக்கமாட்டார்கள்.

இனிச் சாதனங்களைப் பற்றி. இவ்விஷயத்தில் நெடுநேரம் செலவிட வேண்டியதில்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் ஊடக ஆய்வகத்தில் ஜான் மயேடாவின் குழுவில் இருந்த கேசி ரீஸ், பென் ஃப்ரை என்ற இருவர், ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் அஞ்சாமல் நிரல் எழுத வேண்டும் என்பதற்காக 2001-இல் தொடங்கியது பிராசஸிங். அதன் வழியில், எந்த பிரவுசரிலும் ஓடும்படி லாரன் மெக்கார்த்தி உருவாக்கியது பி5.ஜேஎஸ். இரண்டும் இலவசம். இவற்றில் எழுதும் நிரலுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஸ்கெட்ச்’ என்பது. கோட்டோவியத்தைப்போல விரைவில் போட்டு, பிடிக்காவிட்டால் கிழித்தெறிந்துவிட்டு, மறுபடி போட வேண்டியது என்ற அபிப்பிராயம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. மேக் கம்ப்யூட்டர் உள்ளவர்கள், பைத்தான் மொழியில் எழுதும் டிராபாட்டையும் பார்க்கலாம். எழுத்துரு வடிவமைப்போர் அதிகம் விரும்புவது அதுவே. இவற்றில் ஏதாவது ஒன்று போதும். மூன்றையும் ஒரே மாதத்தில் கற்க முயன்றவர்கள் ஒன்றிலும் ஒரு நல்ல எழுத்தை எழுப்பி நான் பார்த்ததில்லை.

சாதனம் கைக்கு வந்தவுடன் பெரும்பாலோர் செய்வது, எழுத்தைச் சுழற்றுவதும், நடுங்கவிடுவதும், புகையாகக் கரையவிடுவதும்தான். கண்ணுக்கு அது வேடிக்கையாக இருக்கிறது. வாணவேடிக்கையும் அப்படித்தான் இருக்கிறது. பரிசோதனை என்ற சொல்லுக்கு உரிய பொருளோடு எழுத்தை அணுகுவதென்றால், எதை மாற்றினோம், எதை மாற்றாமல் வைத்தோம், எந்த இடத்தில் என்ன நிகழ்ந்தது என்ற மூன்றுக்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் ஆகிறோம். சுவிட்ஸர்லாந்தில் பாஸல் நகரத்துப் பள்ளியில் 1968 முதல் கற்பித்த வோல்ஃப்காங் வைன்கார்ட்டை, சுவிஸ் அச்சுமுறையின் ஒழுங்கைக் கலைத்த கலகக்காரர் என்றே புத்தகங்கள் வர்ணிக்கும். அவர் முறையாகத் தொழில் பழகிய கை அச்சுக்கோப்பாளர் என்பதையும், ஆங்கில ‘எம்’ என்ற ஒரே எழுத்தை எடுத்துக்கொண்டு அலுக்காமல் எத்தனையோ விதமாக ஆராய்ந்தவர் என்பதையும் மாணவர்கள் கவனிப்பதில்லை. கலைப்பதற்கு முன்னால் கோக்கத் தெரிந்திருந்தது அவருக்கு.

எழுத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்ற கேள்வியைக் கம்ப்யூட்டர் காலத்தில் கூர்மையாகக் கேட்டவர் டொனால்ட் நூத் என்ற கம்ப்யூட்டர் விஞ்ஞானப் பேராசிரியர். தம் புத்தகத்தின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப் புரூஃப்களின் தரத்தைக் கண்டு மனம் சலித்து, அச்சுக்கோக்கும் முறையையே நிரலாக எழுதத் துணிந்தவர். அதற்குத் துணையாக அவர் செய்த மெட்டாஃபாண்ட் என்பதில், ஒரு எழுத்து என்பது வரைந்து முடித்த படம் அல்ல, பேனாவின் பருமன், வளைவு, உயரம் முதலிய அளவுகளைக் கொடுத்தால் வரைந்து தருகிற ஒரு விதி. 1982-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், பைபிளின் 23-ஆம் சங்கீதத்தை அச்சிட்டுக் காட்டினார். முதல் வரியில் பழைய பாணிக் குஞ்சங்களோடு தொடங்கிய எழுத்து, அளவுகள் சிறிது சிறிதாக மாற மாற, கடைசிக்கு வரும்போது குஞ்சமில்லாத நவீன எழுத்தாகிவிட்டிருந்தது. இடையில் எந்த இடத்திலும் இதோ மாறிற்று என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. அதே ஆண்டு டக்ளஸ் ஹாஃப்ஸ்டேடர் அதற்கு மறுப்பு எழுதினார்: அளவுகளை எத்தனை சேர்த்தாலும், ‘ஏ’ என்ற எழுத்தின் எழுத்துத்தன்மை முழுவதையும் ஒரு விதிக்குள் அடைத்துவிட முடியாது என்பது அவர் கட்சி. என் ஓட்டு ஹாஃப்ஸ்டேடருக்குத்தான். ஆனால் அந்தத் தோல்வி எந்த இடத்தில் நிகழ்கிறதென்று கண்டுபிடிக்க நூத்தின் வழியில் நடந்தே ஆக வேண்டும்.

நடந்து பார்க்கத் தமிழில் ஓர் அருமையான இடம் இருக்கிறது. எகரத்தையும் ஏகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எகரத்தின் வலப்பக்கக் கால் கீழே சாய்ந்து நீண்டால் ஏகாரம். உடல் முழுவதும் ஒன்றே. வீரமாமுனிவர் செய்ததாகச் சொல்லப்படும் இந்தச் சீர்திருத்தத்தில், ஒரு மாத்திரைக்கும் இரண்டு மாத்திரைக்கும் உள்ள பேதம் அனைத்தும் அந்தச் சிறு சாய்கோட்டில் தொங்குகிறது. அப்பியாசம் இது: எகரத்தை நீங்களே கோடுகளாலும் வளைவுகளாலும் நிரலில் வரையுங்கள், அந்தச் சாய்கோட்டின் நீளத்தை மட்டும் ஒரு மாறியில் வைத்து, பூஜ்யத்திலிருந்து முழு நீளம் வரை இருபது படிகளாக இருபது எழுத்துகளை அச்சிடுங்கள், தாள்களைக் கலைத்து, வீட்டில் இருப்பவர்களிடமும் டீக்கடையில் சிக்கியவர்களிடமும் ஒவ்வொன்றாகக் காட்டி, எகரமா ஏகாரமா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் படியில் வாசகர்கள் கட்சி மாறுகிறார்கள் என்பது தெரியவரும். பிறகு கோட்டின் பருமனை இரட்டித்து மறுபடி கேளுங்கள். எல்லை நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். ரகரத்தையும் காலையும் வைத்து இதையே செய்யலாம். அங்கும் வழக்கு அடியிலுள்ள சாய்வைப் பற்றியதுதான். ஒரு மாணவி இந்த இருபது தாள்களையும் வரிசையாகச் சுவரில் ஒட்டி, நடுவே எந்தப் பக்கமும் சேராமல் நின்ற மூன்று தாள்களை மட்டும் சிவப்பில் அச்சிட்டிருந்தார். அவர் செய்த அலங்காரம் அவ்வளவே.

இனி, ஆயத்தமாக இருக்கிற எழுத்துருவைக் கொண்டு வேலை செய்யும்போது நேரிடும் ஓர் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு கண்காட்சிக்காக ‘மேகம்’ என்ற சொல்லை ஆயிரக்கணக்கான சிறு வட்டங்களால் அமைத்து, ஆளுயரச் சுவரொட்டியாக அச்சிட்டு மாட்டியிருந்தேன். எழுத்துருக் கோப்பை நிரலுக்குள் நேரே ஏற்றி, எழுத்துகளின் வரைகோட்டைப் புள்ளிகளாக மாற்றித் தருகிற சுலபமான ஒரு கட்டளையை நம்பிச் செய்தது. வட்டங்களின் அழகில் மயங்கி நானும் கவனிக்கவில்லை, வந்தவர்களும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் வந்த ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளராம், சுவரொட்டிக்கு எதிரே சற்று நேரம் நின்றுவிட்டு, “தம்பி, இதிலே கொம்பை யார் மாத்திக் கோத்தது?” என்று கேட்டார். அப்போதுதான் பார்த்தேன். சுவரில் இருந்தது மேகம் அல்ல, ‘மகேம்’. கடைசி மகரத்தின் புள்ளியும் தலைக்கு மேல் நில்லாமல் பக்கத்தில் நழுவியிருந்தது.

பெரியவர் உட்கார்ந்து விளக்கினார். ஈய அச்சில் ‘மே’ என்று கோக்க வேண்டுமானால், கை முதலில் போவது கொம்பு இருக்கும் அறைக்கு. அதன் பிறகுதான் மகரம். கண் பார்க்கிற வரிசையிலேயே கை எடுக்கும். யூனிகோடு இதற்கு நேர்மாறு. நாவின் வரிசைப்படி, மகரத்தை முதலில் வைத்து அதன் பின் ஏகாரக் குறியை வைக்கிறது. அந்தக் குறியை மகரத்துக்கு முன்னே கொண்டுபோய் நிறுத்தும் அச்சுக்கோப்பாளர் வேலையை, பிரவுசரிலும் மற்ற மென்பொருள்களிலும் ஹார்ஃபஸ் போன்ற ஒரு வடிவமாக்கும் நிரல் மறைவில் இருந்து செய்கிறது. எழுத்துருக் கோப்பை நாம் நேரே திறந்து வரைகோட்டைப் பிடுங்கும்போது, அந்த மறைவான தொழிலாளி அங்கே இருப்பதில்லை; குறிகள் நினைவில் உள்ள வரிசைப்படியே வந்து விழுகின்றன. ஆங்கில எழுத்தை வைத்துச் செய்து காட்டுகிற பாடங்கள் எதிலும் இந்த அபாயம் தலைகாட்டுவதில்லை என்பதால், அவற்றை அப்படியே பின்பற்றுகிற தமிழ் மாணவர் தம்மையே குற்றவாளியாக எண்ணிக்கொள்கிறார்.

பரிகாரம் எளிது. எழுத்தை நேரே வரையாமல், கண்ணுக்குத் தெரியாத ஒரு தனிப் பலகையில், எழுத்துருவின் பெயரைச் சொல்லி பிரவுசரைக்கொண்டே கறுப்பில் எழுதச் செய்யுங்கள். கொம்பும் புள்ளியும் தத்தம் இடத்தில் ஒழுங்காக வந்து நிற்கும். பிறகு அந்தப் பலகையின்மேல் சம இடைவெளியில் கட்டம் கட்டமாகச் சென்று, ஒவ்வொரு கட்டத்திலும் மை இருக்கிறதா இல்லையா என்று நிறத்தைப் படியுங்கள். மை இருக்கும் இடத்தில் வட்டமோ, சிறு கோடோ, எள்ளோ, நீங்கள் விரும்பியதை உண்மையான திரையில் இடுங்கள். புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. இதை நான் உபமானமாக மட்டும் சொல்லவில்லை. தாம்பரத்தில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970-களிலேயே கோலங்களை இலக்கண விதிகளால் பிறப்பிக்கும் முறையை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார்கள். அச்சிட்ட தமிழெழுத்தைக் கம்ப்யூட்டர் அடையாளம் காண்பது பற்றியும் கிஃப்ட் சிரோமணியின் ஆராய்ச்சி உண்டு. நம் மாணவர்கள் கிரியேட்டிவ் கோடிங் என்று பெயர் சொல்லி வெளிநாட்டு நூல்களில் தேடுகிற காரியத்தின் ஒரு வேர் மின்சார ரயிலில் போய் இறங்கும் தூரத்தில் இருந்திருக்கிறது.

கட்டத்தின் இடைவெளியை எவ்வளவு வைப்பது என்று கேட்பார்கள். ‘ழ’, ‘ஞ’, ‘ணூ’ போன்ற நெருக்கமான எழுத்துகளின் உள்வெளி அடைபடாத அளவே எல்லை. அதைத் தாளில் அச்சிட்டுப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

அடுத்தது, மாறும் எழுத்துரு எனப்படும் வேரியபிள் ஃபாண்ட். ஒரே கோப்புக்குள் மெலிவிலிருந்து தடிமன் வரை, குறுக்கத்திலிருந்து விரிவு வரை, இடைப்பட்ட எல்லா நிலைகளையும் அடக்கிவைக்கும் இந்த முறையை 2016-இல் அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகிய நான்கும் சேர்ந்து அறிவித்தன. ஏக் டைப் என்ற இந்திய எழுத்துருக் குழுவினர் இலவசமாக வெளியிட்ட அனேக் தமிழ் என்ற எழுத்துருவில் தடிமனை 100 முதல் 800 வரையிலும், அகலத்தை 75 முதல் 125 வரையிலும் நிரலாலேயே நகர்த்தலாம். இதைப் பெற்றவுடன் மவுஸை அசைத்தால் எழுத்து உப்புவதும் வற்றுவதுமாக ஒரு ஸ்கெட்ச் செய்யாத மாணவர் இல்லை. மவுஸுக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் விடை இருக்காது. அகலத்தை ஆளுகிற எண் எழுத்தோடு உறவுள்ளதாக இருந்தால்தான் அது வடிவமைப்பு. நம் இலக்கணம் அப்படிப்பட்ட எண் ஒன்றை ஒவ்வோர் எழுத்துக்கும் ஏற்கெனவே கொடுத்துவைத்திருக்கிறது. மெய்க்கு அரை மாத்திரை, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. அரையை 75-க்கும் இரண்டை 125-க்கும் பொருத்தினால், ஒன்று ஏறத்தாழ 92-இல் வந்து நிற்கும். செக்மென்டரால் பிரித்த ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனி ஸ்பேனில் இட்டு, அது மெய்யா, குறிலா, நெடிலா என்று பார்த்து அகலத்தைக் கொடுங்கள். ‘அம்மா’ என்று எழுதினால், அகரம் அளவாக நிற்க, இம்மெய் ஒடுங்க, மாகாரம் கை விரித்துக்கொள்ளும். படித்துக் காட்டாமலே சொல்லின் ஓசை கண்ணில் படும். விகடகவி மட்டும் இதிலும் விகடம் செய்கிறது. ஐந்தும் குறிலாகையால் இம்மியும் அசையாமல் நிற்கும். ஐகாரக் குறுக்கம், குற்றியலுகரம் ஆகியவற்றையும் நிரலில் சேர்க்க முயல்பவர்கள் இரண்டு வாரத்துக்குத் தூக்கத்தை மறந்துவிட வேண்டியதுதான்; முயன்றவர்கள் யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை.

எதேச்சையைப் பற்றி ஒரு வார்த்தை. 1990-இல் யுஸ்ட் ஃபான் ரோஸம், எரிக் ஃபான் பிளாக்லாண்ட் என்ற இரு டச்சு இளைஞர்கள் பேயோவுல்ஃப் என்ற எழுத்துருவை வெளியிட்டார்கள். அதன் வரைகோட்டுப் புள்ளிகளை அச்சு யந்திரமே ஒவ்வொரு முறையும் சிறிது இடம் மாற்றிவிடுவதால், ஒரே பக்கத்தில் வருகிற இரண்டு எழுத்துகள் ஒன்றுபோல இரா. அதன் வெற்றிக்குக் காரணம் எதேச்சை மட்டுமன்று. எதேச்சைக்கு அவர்கள் இட்ட வேலியும்தான். புள்ளி எவ்வளவு தூரம் அலையலாம் என்று எல்லை வகுத்திருந்தார்கள். உங்கள் ஸ்கெட்சிலும் ராண்டம் என்ற கட்டளையை அவிழ்த்துவிடும்போது அதற்கு ஒரு கயிறு கட்டுங்கள். அடுத்தடுத்த புள்ளிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமின்றித் தெறிக்காமல், மெல்ல அலைபாய வேண்டுமானால் ராண்டமை விட்டு நாய்ஸ் என்பதைக் கையாளலாம். முன்னதில் எழுத்து நடுக்கம் கண்டதுபோல் தெரியும், பின்னதில் நீருக்கடியில் கிடப்பதுபோல் தெரியும். எது வேண்டும் என்பது சொல்லைப் பொறுத்தது.

திரையில் முடிந்ததை முடிந்ததாகக் கொள்ளாமல் தாளுக்குக் கொண்டுவாருங்கள். ஏ3 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சிட 3508-க்கு 4961 பிக்ஸல் பலகை வேண்டும். ஸ்கெட்சைத் தொடங்கும்போதே எல்லா அளவுகளையும் பலகையின் அகலத்தின் பங்காக எழுதிவைத்தால், கடைசி நிமிஷத்தில் பெரிதாக்குவது ஒரு எண்ணை மாற்றும் வேலையோடு தீரும். ராண்டமையோ நாய்ஸையோ உபயோகிக்கிற ஒவ்வொரு ஸ்கெட்சிலும், முதல் வரியிலேயே அதற்குரிய விதை எண்ணைக் கொடுத்து, அச்சானவுடன் அந்த எண்ணையும் தேதியையும் தாளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள். விதை தெரிந்தால் அதே எழுத்து எத்தனை முறை வேண்டுமானாலும் பிறக்கும். எழுதிவைக்காமல் விட்ட ழகரம் ஒன்று என் மேஜைக்கு எதிரே சுவரில் தொங்குகிறது. இதுவரை நான் செய்தவற்றில் அதுதான் நன்றாக வந்தது. அதை மறுபடி வரைய என்னால் முடியவில்லை.